சிறையில் பிறந்த ஒரு பாட்டில் அணி என்ன வேலை செய்கிறது?

சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானோடு திருப்போர்ப்புறம் என்னும் இடத்தில் போரிட்டுப் பிடிபட்டு, குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். அங்கே 'தண்ணீர் தா' என்று கேட்டான், கேட்டபோது கிடைக்கவில்லை. பிறகு கிடைத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தும் குடிக்காமல், ஏழே அடிகள் கொண்ட ஒரு பாட்டைச் சொல்லி உயிர்விட்டான். புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்கு அடியில் பழைய தொகுப்பாளர்கள் எழுதிவைத்த குறிப்பு இதைத்தான் சொல்கிறது. பாட்டு இது:

குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும்
ஆஅள் அன்றுஎன்று வாளின் தப்பார்
தொடர்ப்படு ஞமலியின் இடர்ப்படுத்து இரீஇய
கேளல் கேளிர் வேளாண் சிறுபதம்
மதுகை இன்றி வயிற்றுத்தீத் தணியத்
தாம்இரந்து உண்ணும் அளவை
ஈன்ம ரோஇவ் வுலகத் தானே

இதன் பொருளை இன்றைய தமிழில் இப்படிச் சொல்லலாம்: குழந்தை இறந்து பிறந்தாலும், உருவமற்ற தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், 'இது ஆள் அல்ல' என்று ஒதுக்காமல் அதையும் வாளால் வெட்டியே புதைக்கும் குடி இது. சங்கிலியில் கட்டிய நாயைப் போலத் துன்புறுத்தி வைத்திருக்கும் உறவல்லாத உறவினர் உதவியாகத் தரும் சிறிதளவு உணவை, மன உறுதி இல்லாமல், வயிற்றில் எரியும் தீ தணியும்பொருட்டுத் தாமே இரந்து உண்ணும் நிலைக்கு ஆளாகும் மக்களை இந்த உலகத்தில் யாரேனும் பெறுவார்களா?

தன்மானமும் இழப்பும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும் பாட்டு இது. பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ்வதே வாழ்வு என்று எண்ணிய ஒருவன், நாட்டையும் படையையும் இழந்தபின் அந்த எண்ணத்தையும் இழக்க நேரும் நொடியில் பேசுகிறான். அணி இலக்கணத்தைப் புதிதாகக் கற்பவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது என்று நான் கருதுவதற்குக் காரணம், இந்த ஏழு அடிகளில் அலங்காரம் என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை என்பதுதான். அப்படியிருந்தும் உவமை இருக்கிறது, உருவகம் இருக்கிறது, முரண் இருக்கிறது. அவை அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல என்றால், எதற்காக வைக்கப்பட்டவை?

ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளில் மட்டும் நிறுத்தாமல், வேறொன்றோடு சேர்த்தோ வேறொன்றின் மேல் ஏற்றியோ சொல்லும் முறைகளுக்கெல்லாம் பொதுப்பெயர்தான் அணி. 'மலர் போன்ற முகம்' என்றால் உவமை. இரண்டு பொருள்களும் தனித்தனியே நிற்க, ஒன்றுக்கு மற்றொன்று ஒப்பாகிறது. 'முகமலர்' என்றால் உருவகம். முகமே மலராகிவிடுகிறது, இடைவெளி மறைகிறது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளின் வழியே அமையும் அணிகளான பொருளணிகளை மட்டுமே 35 என்று வகுத்துச் சொல்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் கவிதை படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொடக்கநிலை வாசகர் ஓர் அணியைக் கண்டதும் அதன் பெயரைத் தேடுவதற்கு முன்பு, 'இதை எடுத்துவிட்டு நேராகச் சொன்னால் இந்தப் பாட்டு எதை இழக்கும்?' என்று கேட்டுப் பழக வேண்டும். பெயர் பிறகு தானாக வரும்.

முதல் இரண்டு அடிகளிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இறந்து பிறந்த குழந்தையை வாளால் வெட்டுவது என்பதைப் படித்ததும், இது ஏதோ உருவகம் என்று நினைத்துவிடத் தோன்றும். உருவகம் இல்லை. போரில் விழுப்புண் பட்டு இறப்பதே வீரனுக்குரிய சாவு என்று கருதிய மறக்குடியின் வழக்கத்தை அப்படியே எடுத்துச் சொல்கிறது பாட்டு. கவிதையில் வரும் வியப்பான செய்தி ஒவ்வொன்றையும் அணி என்று கொண்டுவிட்டால், அந்தச் சமூகம் உண்மையில் எப்படி வாழ்ந்தது என்பது நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஆனாலும் நேர்ப்பொருளில் சொல்லப்பட்ட இந்த வழக்கம் வேறொரு வேலையையும் செய்கிறது. மூச்சே விடாத பிண்டத்துக்குக்கூட வாளின் தழும்பு என்ற பெருமை கிடைக்கிறது. மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அது கிடைக்கவில்லை என்பதை மன்னன் எங்கும் சொல்லவில்லை. இரண்டு அடிகளில் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த அடியில் கட்டிய நாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நாம்தான் கடக்கிறோம், கடக்கும்போது அந்த ஒப்பீடு நமக்குள் நிகழ்கிறது. இப்படிச் சொல்லாமல் விட்டதன் வழியே உணர்த்துவதைக் குறிப்புப் பொருள் என்பார்கள். சங்கப் பாடல்களில் உவமையைவிட வலிமையானது பெரும்பாலும் இதுதான்.

இனி அந்த நாய். 'ஞமலி' என்பது நாயைக் குறிக்கும் பழஞ்சொல்; 'தொடர்' என்பது சங்கிலி; 'ஞமலியின்' என்பதிலுள்ள 'இன்' இங்கே 'போல' என்ற பொருள் தருகிறது. ஓர் உவமையில் நான்கு உறுப்புகளைத் தேட வேண்டும் என்று இலக்கணம் கற்றுக்கொடுக்கிறது: சொல்ல வந்த பொருள், அதற்கு ஒப்பாக வரும் உவமை, இரண்டையும் சேர்க்கும் உருபு, இரண்டுக்கும் உள்ள பொதுத்தன்மை. இந்த அடியில் உவமை இருக்கிறது, உருபு இருக்கிறது, துன்புற்றுக் கட்டுண்டு கிடத்தல் என்ற பொதுத்தன்மையும் இருக்கிறது. சொல்ல வந்த பொருள் மட்டும் இல்லை. 'என்னை' என்ற ஒரு சொல்லை அங்கே வைத்திருந்தால் வாக்கியம் நிறைவடைந்திருக்கும். அதை மன்னன் வைக்கவில்லை. பாட்டு முழுவதையும் தேடிப் பார்த்தாலும் 'யான்', 'என்', 'எம்' என்ற தன்மைச் சொல் ஒன்றுகூடக் கிடைக்காது. நாயோடு ஒப்பிடப்படும் இடத்தில் ஆளே இல்லாமல் வெறுமையாக இருக்கிறது. இழப்பைப் பற்றி எழுதும்போது எத்தனையோ பேர் தம் துயரைப் பக்கம் பக்கமாக விவரிப்பார்கள். இவனோ தன் பெயர் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.

தொல்காப்பியத்தில் உவமையைப் பற்றிப் பேசும் பகுதியான உவமவியலைத் துணைக்கு வைத்துப் பார்த்தால் இந்த உவமையின் கடுமை இன்னும் தெளிவாகும். வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) ஆகிய நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்று சொல்லும் அந்நூல், 'உயர்ந்ததன் மேற்றே உள்ளுங் காலை' என்றும் சொல்கிறது. உவமையாக எடுத்துக்கொள்ளும் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வீரனைப் புலியென்றும் வள்ளலை மழையென்றும் சொல்வது இந்த நெறியில்தான். ஆனால் அதே இயல், உவமைக்கு நிலைக்களங்களாகச் சிறப்பு, நலன், காதல், வலி என்ற நான்கைக் கூறியபின், 'கிழக்கிடு பொருளொடு ஐந்தும் ஆகும்' என்று ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கிறது. கிழக்கிடு பொருள் என்றால் கீழ்ப்படுத்திக் காட்டுவது. மன்னனை நாய்க்கு ஒப்பிடுவது அந்த ஐந்தாவது வகையில் சேரும். இங்கே கீழ்ப்படுத்துபவன் பகைவன் அல்லன், அந்த மன்னனேதான்.

முன்பு சொன்ன சோதனையை இந்த இடத்தில் செய்து பார்க்கலாம். நாயை எடுத்துவிட்டு யானையை வைத்தால் என்ன ஆகும்? இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. புறநானூற்றின் 17ஆம் பாட்டில் அப்படியே நடந்திருக்கிறது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற மற்றொரு சேரன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனிடம் சிறைப்பட்டு, தன் வலிமையால் தப்பிச் சென்று மீண்டும் அரியணை ஏறினான். அவனைப் பாடிய குறுங்கோழியூர் கிழார், ஆழ்ந்த குழியில் அகப்பட்ட களிறு குழியைத் தூர்த்து வெளியேறித் தன் கூட்டத்தோடு சேர்ந்ததைப் போல என்று உவமை சொல்கிறார். குழியில் விழுந்த யானைக்கு வலிமை குறைவதில்லை. விழுந்தது குழியின் குற்றம். அந்த உவமையில் பெருமை சேதமாகாமல் இருக்கிறது.

கட்டிய நாயின் நிலை வேறு. அது சங்கிலியின் எல்லைக்குள் படுத்திருக்கும், கட்டியவர் நினைவு வைத்துப் போடும்போது உண்ணும், போடாதபோது காத்திருக்கும். யானையை வைத்தால் கட்டுண்ட வலிமை மட்டுமே தெரியும். நாயை வைத்தால்தான் பிறர் கையை நோக்கிக் காத்திருக்கும் வாழ்வு தெரியும். அடுத்த அடியில் உணவைப் பற்றிய பேச்சு வருவதற்கு இந்த நாய்தான் வழி அமைக்கிறது. ஆகவே யானை இங்கே வந்திருந்தால் பாட்டு அடுத்த அடிக்கு நகர்ந்திருக்கவே முடியாது.

'கேளல் கேளிர்' என்ற தொடர் முரணாக அமைந்தது. கேளிர் என்றால் உறவினர். கேளல் என்றால் உறவு அல்லாதவர். உண்ணக் கொடுப்பது உறவினர் செய்யும் செயல், ஆகவே கொடுத்தவர்களைக் கேளிர் என்கிறான். கொடுப்பவர்களே கட்டிவைத்தவர்களும் ஆகையால் அதன் முன்னே கேளல் என்று மறுக்கிறான். தொடர்ந்து வரும் 'வேளாண்' என்ற சொல்லும் உதவியைக் குறிப்பதுதான். பகைவர் செய்யும் உதவி, உறவல்லாதவர் காட்டும் உறவு என்று இரண்டு நல்ல சொற்களை அவற்றுக்குப் பொருந்தாத இடத்தில் வைக்கும்போது, 'பகைவர் தந்தனர்' என்று நேராகச் சொல்வதைவிட அதிகமான கசப்பு வந்துசேர்கிறது. பகைவரை இழித்துப் பேசும் சொல் ஒன்றையும் அவன் பயன்படுத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

'சிறுபதம்' என்பது சொல்லளவில் சிறிதளவு உணவு. உரை அதைத் தண்ணீர் என்று கொள்கிறது. தண்ணீருக்காக உயிர்விட்டவன் பாட்டில் தண்ணீர் என்ற சொல் இல்லை. ஆனால் அதற்கு மறுதலையான தீ இருக்கிறது. 'வயிற்றுத் தீ' என்பது உருவகம்: பசியும் தாகமும் தீயாகவே ஆகிவிடுகின்றன. இது இவன் புதிதாகப் படைத்த உருவகம் என்று எண்ண வேண்டாம். பசியைத் தீயாகக் காண்பது தமிழில் நெடுங்காலமாக உள்ள வழக்கு; மணிமேகலையில் காயசண்டிகை என்ற பெண்ணைப் பிடித்த அடங்காப் பசிநோய்க்கு யானைத்தீ என்றே பெயர். நாள்தோறும் பேச்சில் புழங்கித் தேய்ந்த உருவகங்களை நாம் உருவகம் என்று உணராமலே சொல்லிக்கொண்டிருப்போம்.

தேய்ந்த உருவகத்துக்கு இந்தப் பாட்டு எப்படி உயிர் கொடுக்கிறது என்பது கற்றுக்கொள்ள வேண்டிய செய்தி. 'பசி தீர' என்று எழுதாமல் 'தீத் தணிய' என்று எழுதியதால், தீக்கு உரிய வினைச்சொல்லே தீயோடு வந்து சேர்கிறது. தீயைத் தணிப்பது நீர். சொல்லப்படாத அந்த நீர் அவன் கையிலேயே இருக்கிறது என்பதைப் பாட்டின் அடிக்குறிப்பு நமக்குச் சொல்கிறது. உள்ளே தீ, கையில் நீர், நடுவில் ஓர் ஏழடிப் பாட்டு. நல்ல உருவகம் எப்போதும் புத்தம்புதியதாக இருக்க வேண்டும் என்ற கருத்து பலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய உருவகத்தை அதற்குச் சரியான வினைச்சொல்லோடும் சரியான நேரத்தோடும் சேர்க்கத் தெரிந்தவர்களுக்குப் புதியது தேவைப்படுவதில்லை.

கடைசி இரண்டு அடிகள் கேள்வியாக வருகின்றன. 'ஈன்மரோ' என்றால் பெறுவார்களோ. விடையை எதிர்பார்க்காத வினா இது. பெற மாட்டார்கள் என்ற விடை வினாவுக்குள்ளேயே இருக்கிறது. 'என்னை ஏன் பெற்றாய்' என்று தாயை நோக்கிக் கேட்டிருந்தால் அது தன்னிரக்கமாக முடிந்திருக்கும். உலகத்தில் யாரேனும் பெறுவார்களா என்று பொதுவாக்கிக் கேட்பதால், அது ஒரு நீதியை நிலைநாட்டும் குரலாகிறது. பிறப்பைப் பற்றிப் பேசித் தொடங்கிய பாட்டு பிறப்பைப் பற்றிப் பேசியே நிறைவடைகிறது என்பதும் இந்த இடத்தில்தான் தெரியவருகிறது: ஒரு முனையில் வாள்தழும்போடு புதைக்கப்படும் பிண்டம், மறுமுனையில் இரந்துண்ணப் பிறந்த உயிர்.

இந்தப் பாட்டை வீரத்தின் முழக்கமாக மட்டும் படிப்பது போதாது என்பது என் துணிபு. அடிக்குறிப்பை மீண்டும் பார்த்தால், அவன் முதலில் தண்ணீர் கேட்டிருக்கிறான். 'தாம் இரந்து' என்ற சொல் வேறு யாரையோ சுட்டவில்லை. சற்று முன்பு கேட்ட அவன் வாயையே சுட்டுகிறது. இரந்து உண்பது இழிவு என்று சொல்லும் தகுதி ஒருபோதும் இரவாதவனுக்கே உண்டு என்று நாம் எண்ணக்கூடும். இங்கே சொல்பவன் ஒருமுறை இரந்தவன். நாடு போனது போரில். தற்சார்பு போனது 'தண்ணீர் தா' என்ற இரண்டு சொற்களில். அதை மீட்கும் வழியாக அவனுக்கு எஞ்சியிருந்தது, கைக்கு வந்ததைக் குடிக்காமல் இருப்பது ஒன்றுதான். பொய்கையார் என்ற புலவர் சோழனின் போர்க்களத்தைப் புகழ்ந்து 'களவழி' பாடிச் சேரனின் தளையை நீக்கச் செய்தார் என்று கலிங்கத்துப்பரணி வேறொரு முடிவைச் சொல்கிறது. வரலாறு எதுவாக இருந்தாலும், பாட்டுக்குள் இருப்பவன் விடுதலையைப் பிறரிடம் கேட்கும் மனநிலையில் இல்லை.

இதே புறநானூற்றில் உவமையே இல்லாமல் இழப்பைச் சொல்லும் பாட்டுகளும் உண்டு. பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டை அறியாதவர் குறைவு. அற்றைத் திங்கள் நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் இருந்தது. இற்றைத் திங்கள் நிலவில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை. அதே சொற்கள் மீண்டும் வர, 'அ' என்ற சுட்டெழுத்து 'இ' என்று மாறுவதற்குள் ஒரு வாழ்வு முடிந்துவிடுகிறது. அங்கே அணி என்பது சொல்லை அடுக்கிய முறையிலேயே இருக்கிறது.

ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டு அவ்வளவாகப் பேசப்படாதது. தொடக்கநிலை வாசகருக்கு அது இன்னும் அதிகமாகக் கற்றுத்தரும்.

அளிய தாமே சிறுவெள் ஆம்பல்
இளையம் ஆகத் தழையா யினவே இனியே
பெருவளக் கொழுநன் மாய்ந்தெனப் பொழுதுமறுத்து
இன்னா வைகல் உண்ணும்
அல்லிப் படூஉம் புல்ஆ யினவே

கணவனை இழந்த ஒரு பெண் குளத்து ஆம்பலைப் பார்த்துச் சொல்லும் சொற்கள் இவை. இளமையில் அதன் தழை அவளுக்கு உடையாக இருந்தது. பெருவளம் படைத்த கணவன் இறந்தபின், உண்ணும் வேளை தவறித் துன்பமான பொழுதில் அவள் உண்ணும் புல்லரிசியும் அதே ஆம்பல் தருவதாயிற்று. இதில் 'போல' என்ற சொல் இல்லை, ஒன்றை மற்றொன்றாக்கும் உருவகமும் இல்லை. ஆம்பல் ஆம்பலாகவே இருக்கிறது. ஆனால் மாறாத ஒரு பொருள் மாறிப்போன வாழ்வின் இரண்டு பக்கங்களிலும் நிற்பதால், அது அந்த வாழ்வு முழுவதையும் குறிக்கத் தொடங்குகிறது. இதைக் குறியீடு என்று இன்றைய திறனாய்வு சொல்லும். 'பெருவளக் கொழுநன்' என்ற அடைமொழியையும் கடந்துபோய்விடக் கூடாது. வளம் கணவனோடு போய்விட்டது, குளத்தில் முளைத்தது மட்டும் அவளுக்கு மிஞ்சியது. யார் கையையும் நோக்காமல் அவள் உயிர் வாழ்வதும் அந்தக் குளத்தால்தான். சேரன் மறுத்தான், இவள் உண்கிறாள். பிறர் கையால் உண்ண இரண்டு பேரும் இசையவில்லை.

'அளிய தாமே' என்று பாட்டு தொடங்குவதைப் பாருங்கள். இரங்கத்தக்கவை என்று அவள் சொல்வது தன்னை அல்ல, ஆம்பலை. தன் மேல் கொள்ள வேண்டிய இரக்கத்தை வெளியிலுள்ள பொருளின் மேல் ஏற்றிவிடுகிறாள். சேரன் தன் பெயரை விட்டுவிட்டுச் செய்ததை இவள் ஆம்பலின் பெயரைச் சொல்லிச் செய்கிறாள்.

அடுத்துத் தானே முயன்று பார்க்க விரும்புபவர்கள், அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய 235ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். அதில் அதியமானின் மார்பில் பாய்ந்த வேல் அங்கேயே நிற்பதில்லை. பாணர்களின் அகன்ற உண்கலத்தைத் துளைக்கிறது, இரப்போர் கையின் ஊடே போகிறது, அவன் காத்த சுற்றத்தாரின் கண்பாவை ஒளி மழுங்கச் செய்து, கடைசியில் புலவர் நாவில் சென்று விழுகிறது. அவனை நம்பி வாழ்ந்தவர்கள் பக்கத்திலிருந்து இழப்பைச் சொல்லும் பாட்டு அது. ஒரே வேல் இத்தனை இடங்களில் எப்படிப் பாய முடியும் என்பதையும், கலம், கை, கண், நா என்ற வரிசையை மாற்றி அடுக்கினால் பாட்டு எதை இழக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.